டேலியைப் புதுப்பிக்க வேண்டுமா?

"திருத்தங்கள் பதிவாகும் புதிய பதிப்பை வாங்காவிட்டால் சட்டப்படி தவறு" என்று ஆலங்காயம் கடைவீதியிலும் சொல்லி விற்கிறார்கள். 1-4-2023இல் நடைமுறைக்கு வந்த அந்த விதி கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்களுக்கே உரியது. ஜவ்வாது மலைச் சாமையும் புளியும் வாங்கி விற்கும் நம் தனி உரிமையாளர் கடைகளுக்கு அது இல்லை. பயந்து பணம் கட்ட வேண்டாம் என்பதே நம் கருத்து.

மொத்த வியாபாரிகள் கதை வேறு. 2017-18 முதல் எந்த ஆண்டிலாவது விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால், வரியுள்ள சரக்கை மற்றொரு ஜி.எஸ்.டி. வியாபாரிக்கு விற்கும்போது 1-8-2023 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். இவர்கள், 2020 நவம்பரில் வந்த டேலி பிரைமுக்கு மாறுவது நல்லது. மாறுமுன் பழைய கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். பிரைம் 3.0க்கு மாற்றிய கணக்கு, பழைய ஈ.ஆர்.பி. 9இல் திறக்காது. மார்ச் மாதத்தில் மட்டும் இதில் கை வைக்காதீர்கள்!