ரோட்ஸ் தீவுக்குப் போன தானியக் கப்பல்

தோத்தாபுரி மாங்காய் பங்காருபாளையம் மண்டிக்கு வந்து இறங்கும் மாதங்களில் சித்தூர்ப் பக்கம் விலையைத் தவிர வேறு பேச்சு இருக்காது. 2025இல் விலை விழுந்தபோது, கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த எட்டுகூடக் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் குமுறினார்கள்.

வலுத்தவன் வைத்ததுதான் நியாயமா? பிளேட்டோவின் 'குடியரசு' முதல் புத்தகத்தில் திரசிமாக்கஸ் ஆமாம் என்று அடித்துச் சொல்கிறான். மருத்துவன் நோயாளியின் நலனைத்தானே பார்க்கிறான் என்கிறார் சாக்ரடீஸ். மேய்ப்பன் ஆட்டைக் கொழுக்க வைப்பது ஆட்டுக்காகவா என்று அவன் மடக்குகிறான். மேய்ப்பது ஒரு கலை, கூலி வாங்குவது வேறு கலை என்று சாக்ரடீஸ் நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறார்.

இந்தச் சண்டையை, போட்டித் தேர்வுக் கையேடு ஒன்று மூன்று வரியில் முடித்திருப்பதை இந்த வாரம் பார்க்க நேர்ந்தால் எரிச்சல் வராதா? சாக்ரடீஸின் மாணவர், அரிஸ்டாட்டிலின் ஆசிரியர், தத்துவ அறிஞர்கள் ஆள வேண்டும் என்றவர். அவ்வளவுதான் பிளேட்டோ!

தமிழில் மூலநூலே இல்லாவிட்டால் இதை மன்னித்துவிடலாம். 'பிளேட்டோவின் அரசியல்' என்று முழு நூலையும் தமிழில் தந்தவர் வெ. சாமிநாத சர்மா. 1895இல் வட ஆர்க்காட்டு வெங்களத்தூரில் பிறந்தார். சித்தூரும் பங்காருபாளையமும் அன்று அதே மாவட்டம்; 1911இல்தான் சித்தூர் தனியானது. ரங்கூனில் பத்தாண்டு வாழ்ந்து 'ஜோதி' இதழை நடத்தினார். 1942இல் ஜப்பானியக் குண்டுகளுக்குத் தப்பி நடந்தே இந்தியா திரும்பினார். அதற்குப் பிறகும் கிரீஸை விடவில்லை, 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' எழுதினார். கல்லூரி வாசலை மிதிக்காத தமிழனும் சாக்ரடீஸோடு வாதாட வேண்டும் என்பதற்காக உழைத்த மனிதர் அவர்.

ரோமாபுரிப் பக்கம் போனால் சிசரோ இருக்கிறார். ஏதென்ஸில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் மார்க்கஸுக்கு கி.மு. 44இல் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வழக்கு: ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்கிறார் பாபிலோனிய டயோஜெனிஸ். எதையும் மறைக்கக் கூடாது என்கிறார் அவருடைய சீடர் ஆன்டிபேட்டர். சிசரோ சீடரின் பக்கம்.

மண்டியில் லோடு இறக்கிய எந்த விவசாயி வீட்டுப் பிள்ளையும் இந்த வழக்கில் ஒரு மணி நேரம் வாதாடும். சித்தூர், வேலூர்க் கல்லூரிகளில் தத்துவ வகுப்பு இந்தக் கப்பலிலிருந்து தொடங்கட்டும். பிளேட்டோ பிறந்த ஆண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.