லைட்வெயிட் பையில் எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள்? ஊசுட்டேரிக்குக் கிளம்பும் முன் ஒரு கணக்கு

யூடியூப்பில் ‘போஹன்ட்டிங் பேக்பேக்’ என்று தேடிப் பாருங்கள். அமெரிக்க மலைக்காடுகளுக்கு வில்லும் அம்புமாக வேட்டைக்குப் போகிறவர்கள், தங்கள் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டுக் காட்டும் வீடியோக்கள் வரிசையாக வரும். பார்த்து முடிப்பதற்குள் நம் ஆன்லைன் கார்ட்டிலும் ஒரு பை ஏறிவிடும்.

‘வேட்டைக்கே தடை இருக்கும் நாட்டுல இதெல்லாம் நமக்கு எதுக்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேட்டை நமக்கு வேண்டாம். அந்தப் பைக் கணக்கு மட்டும் வேண்டும். வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரிக்கும், தெற்கே பாகூர் ஏரிக்கும் கேமராவோடு கிளம்பும் நம் வீக்எண்ட் கூட்டத்துக்கு அது நன்றாகப் பொருந்தும், ஒரே ஒரு திருத்தத்தோடு.

அவர்கள் ஏன் கிராம் கணக்கு பார்க்கிறார்கள்?

வில்வேட்டைக்காரருக்கு இரண்டு பிரச்னைகள். ஒன்று, சாலையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, நாள்கணக்கில் காட்டில் தங்க வேண்டும். கூடாரம், படுக்கை, உணவு எல்லாம் முதுகில்தான். மான் விழுந்துவிட்டால் அதையும் அவரேதான் சுமக்க வேண்டும். ஒரு பெரிய எல்க் மானில் எலும்பு நீக்கிய இறைச்சியே 80 முதல் 100 கிலோ வரை தேறும். அதனால்தான் அந்தப் பைகள் எடை குறைவாகவும், பாரத்தை இடுப்புக்கு இறக்கும் உறுதியான சட்டத்தோடும் இருக்கின்றன.

இரண்டு, தூரம். துப்பாக்கியைப் போல வில் வெகுதொலைவுக்கு உதவாது. மிருகத்துக்கு 30, 40 மீட்டர் வரை சத்தமில்லாமல் நெருங்க வேண்டும். பை கனத்தால் கால் தடுமாறும், மூச்சு வாங்கும், மிருகம் ஓடிவிடும். சுருக்கமாகச் சொன்னால், அவர்களுக்கு லேசான பை என்பது நெருங்குவதற்கான கருவி.

லேசாக நடப்பது பணக்காரர்களின் ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். 1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். தோளில் அவரே தைத்த துணி மூட்டை. காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. உணவும் தண்ணீரும் சேர்க்காமல் 4.5 கிலோவுக்குள் அடங்கினால் அது ‘அல்ட்ராலைட்’ என்ற கணக்கெல்லாம் பின்னால் வந்தது.

நம் ஏரிக்கு என்ன பை போதும்?

விடியற்காலையில் போய் பத்து மணிக்குள் திரும்பும் நடைக்கு 20 முதல் 25 லிட்டர் பை தாராளம். காலியாக ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். உள்ளே போவதைப் பாருங்கள்:

* தண்ணீர் 1 லிட்டர்: 1 கிலோ. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நம் ஊர் வெயில் எட்டு மணிக்கே வேலையைக் காட்டிவிடும்.
* 8×42 பைனாகுலர்: முக்கால் கிலோவுக்குள்.
* 150-600 லென்ஸ்: அது மட்டுமே சுமார் 2 கிலோ. கேமரா தனி.
* தொப்பி, மெல்லிய ரெயின்கோட், ஒரு சின்ன நோட்டு, குப்பைக்கு ஒரு காலிப் பை.

கணக்கு எங்கே கனக்கிறது என்று தெரிகிறதா? லென்ஸில். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர் முதல் சீசனை பைனாகுலரோடு மட்டும் ஓட்டலாம். முதுகுக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது. பையிலும் பல ஆயிரம் கொட்ட வேண்டாம். ஆபீஸ் லேப்டாப் பையில் மார்புப் பட்டை இருந்தால் அதுவே போதும்.

சட்டம் உங்கள் பையைப் பார்த்தால்?

இனிதான் முக்கியமான விஷயம். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியின் மீதிப் பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நாமக்கோழி என்று வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏரி நிறையும். இங்கே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முழுதாகப் பொருந்தும்.

அந்தச் சட்டத்தின் 31-வது பிரிவுப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. ஆயுதம் என்றால் என்ன? பிரிவு 2(35) ஒரு பட்டியலே போடுகிறது. வில்லும் அம்பும் பெயர் சொல்லியே அதில் இருக்கின்றன. கத்தி, வலை, தூண்டில் கொக்கி, கண்ணி, பொறி ஆகியவையும் இருக்கின்றன. விலங்கை ஏமாற்றி வரவழைக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும்.

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். பறவையின் குரலை மொபைலில் டவுன்லோட் செய்து, ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அது வெளியே வந்ததும் கிளிக் செய்கிறோமே, அந்த ஸ்பீக்கர் எந்தப் பக்கம் நிற்கிறது? என் வாசிப்பில், ஆயுதத்துக்கு ரொம்பப் பக்கத்தில்.

‘வேட்டை’ என்ற சொல்லுக்கும் சட்டம் தரும் பொருள் நாம் நினைப்பதைவிட அகலம். பிரிவு 2(16)-ன்படி கொல்வதும் பிடிப்பதும் மட்டும் வேட்டை அல்ல. விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வது எல்லாமே வேட்டைதான். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் பிரிவு 27(4) தனியாகவே தடுக்கிறது.

‘பாகூர் ஏரிக்கு சரணாலய போர்டு இல்லையே?’ இல்லைதான். அது தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து சேரும் பாசன ஏரி. ஆனால், பட்டியலில் உள்ள உயிரினங்களை வேட்டையாடக் கூடாது என்ற 9-வது பிரிவு போர்டு பார்த்து வருவதில்லை. ஏரி, வயல், வாய்க்கால் எல்லா இடத்துக்கும் அது ஒன்றுதான்.

யார் வேட்டைக்காரர்?

கொக்குக்குக் கண்ணி வைத்த ஏழை பிடிபட்டால், கைப்பற்றிய பொருளை முன்னால் வைத்து போட்டோ எடுப்பார்கள். மறுநாள் அது செய்தியாகும். கண்ணி வைப்பது குற்றம், அதில் சந்தேகமில்லை. அதே ஏரியில் கூட்டமாக மேயும் பறவைகளைக் கை தட்டியோ ட்ரோன் பறக்கவிட்டோ எழுப்பி, ‘டேக்-ஆஃப் ஷாட்’ எடுப்பவருக்கு மட்டும் லைக் குவிகிறது. சட்டப் புத்தகத்தில் இந்த இரண்டு பேருக்கும் நடுவே இருக்கும் தூரம், நாம் வசதியாக நினைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிது அல்ல.

பறவைக்கு அது வெறும் தொந்தரவும் இல்லை. வலசை வந்த பறவை இங்கே தங்கும் சில மாதங்களில் தின்று கொழுத்தால்தான் திரும்பிப் பறக்க முடியும். ஒவ்வொரு முறை பயந்து எழும்போதும் சேர்த்த சக்தி கொஞ்சம் கரைகிறது. காலையில் பத்து பேர் வந்து ஆளுக்கொரு முறை எழுப்பினால் கணக்கு என்ன ஆகும்?

அதனால்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு திருத்தம். வில்வேட்டைக்காரர் லேசாகப் போவது நெருங்குவதற்காக. நாம் லேசாகப் போக வேண்டியது தள்ளி நிற்பதற்காக. பை லேசாக இருந்தால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு ஏரிக்கரையில் நடக்கலாம். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கலாம். பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்கினாலே போதும். அங்கேயே நில்லுங்கள், அல்லது இரண்டடி பின்னால் வாருங்கள். வீட்டிலேயே விட்டுவிட வேண்டியவை: ஸ்பீக்கர், ட்ரோன், கத்தி, பறவைக்குப் போட பொரி, பிஸ்கட்.

இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால், சிவகங்கை மாவட்டத்தைக் காட்டுங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தினர் பறவைகள் பயந்துவிடும் என்பதற்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு ஊரே தன் தீபாவளிப் பட்டாசை விட்டுக்கொடுத்திருக்கிறது. நம்மால் ஒரு ஸ்பீக்கரை விட்டுக்கொடுக்க முடியாதா?

இந்த வாரம் ஏரிக்குக் கிளம்பும் முன் உங்கள் பையையும் ஒருமுறை கட்டிலில் கொட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளையும் எடுத்து, ‘இது எனக்கு வேணுமா?’ என்று கேட்கும்போதே ‘இதை அந்தப் பறவை தாங்குமா?’ என்றும் சேர்த்துக் கேளுங்கள்.