முகாம் இளைஞர்களுக்குப் பயண ஆவணம் கொடுங்கள்

செவிலியர் படிப்பை முடித்த ஒரு பெண், ஜெர்மனியிலோ ஜப்பானிலோ பயிற்சி பெற்று வேலையில் சேர விரும்பினால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகலாம். ஆனால் கையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நல்ல பெயர் எடுத்த பொறியாளரை மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்ப மேலாளர் விரும்பினாலும் அதே பாஸ்போர்ட்தான் முதலில் கேட்கப்படும். அந்தப் பெண்ணும் அந்தப் பொறியாளரும் கும்மிடிப்பூண்டி, கொட்டப்பட்டு, மண்டபம் போன்ற இடங்களில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்தவர்கள் என்றால், பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. வாய்ப்பு அடுத்தவருக்குப் போகிறது.

1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்கள். முகாம்களில் மட்டும் சுமார் 58,000 பேர் வாழ்கிறார்கள். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு முகாமுக்கு வெளியே வாழ்வோர் தனி. 2021-இல் தமிழக அரசு இவர்களுக்காக 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. 7,000-க்கும் மேற்பட்ட புதிய வீடுகள், கல்வி உதவி, திறன் பயிற்சி என அந்தப் பட்டியல் நீண்டது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் மாறியது. இவையெல்லாம் மனமுவந்து பாராட்ட வேண்டிய பணிகள். ஆனால் பொதுப்பணத்தில் படிக்க வைத்த பிள்ளைக்கு அந்தப் படிப்பின் பலன் கைக்கு எட்டும் வேளையில் ஒரு தாள் இல்லாமல் வழி அடைபடுவதை எந்த மாநிலத் திட்டத்தாலும் சரிசெய்ய முடியவில்லை. அந்தத் தாளைக் கொடுக்கும் அதிகாரம் டெல்லியிடம் இருக்கிறது.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால், குடியுரிமைச் சட்டத்தைக் காட்டுவார்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். இந்த அடிப்படையில்தான் 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அதே முகாமில் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைக்கு அந்த உரிமை இல்லை. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுகிவிட்டது. படகில் உயிர் தப்பி வந்த தாயின் கையில் விசா இல்லாததால் அவள் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆகிறாள். அது பிள்ளையின் கணக்கிலும் ஏறுகிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமே தரப்படவில்லை. ஆக, இன்று வேலை தேடும் வயதில் உள்ள தலைமுறைக்கு எல்லாக் கதவுகளும் அடைபட்டிருக்கின்றன.

இவர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. ஆனால் அந்தப் பெரிய வழக்கு முடியும்வரை இளைஞர்களின் வயது காத்திருக்காது. பயண ஆவணம் வழங்கக் குடியுரிமைக் கேள்வி தீர வேண்டிய அவசியமும் இல்லை. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, பொதுநலன் கருதி, குடிமகன் அல்லாதவருக்கும் பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ வழங்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. நாடற்றவர்களுக்கும் குடியுரிமை நிலை தெளிவில்லாதவர்களுக்கும் ‘அடையாளச் சான்றிதழ்’ தருவதற்கு 1980 விதிகளிலேயே இடமிருக்கிறது. தர்மசாலாவிலும் பைலகுப்பேயிலும் வாழும் திபெத்தியர்கள் இந்த மஞ்சள் அட்டைச் சான்றிதழோடுதான் வெளிநாடு போய்ப் படித்து, வேலை பார்த்து, அனுமதி பெற்றுத் திரும்பி வருகிறார்கள். திபெத்தியருக்குப் பல பத்தாண்டுகளாகச் செய்ய முடிந்ததை ஈழத் தமிழருக்குச் செய்ய முடியாது என்பதற்கு என்ன காரணம்? சட்டத்தில் தேடினால் கிடைக்கவில்லை.

பாதுகாப்பு என்பார்கள். முகாம்வாசிகளைப் போலப் பதிவேடுகளில் அடுக்கடுக்காகப் பதியப்பட்டவர்கள் இந்த நாட்டில் குறைவு. வருவாய்த் துறையிடமும் கியூ பிரிவுக் காவல்துறையிடமும் குடும்பம் குடும்பமாக விவரம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறையே, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் வைத்திருக்க வேண்டும் என்ற விதிகளிலிருந்து விலக்கு அளித்து ஆணையிட்டது. அவர்கள் இங்கே இருப்பதை ஏற்றுக்கொண்ட அரசு, அவர்கள் போய்வருவதை மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

இலங்கைப் பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளலாமே என்ற யோசனையும் சொல்லப்படுகிறது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து அதைப் பெற்றவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டோடு இங்கிருந்து கிளம்ப வெளியேறும் அனுமதி வேண்டும். கிளம்பியவர் பயிற்சி முடித்துத் திரும்பி வர விசா கிடைக்கும் என்ற உறுதி எதுவும் கிடையாது. தாயும் தகப்பனும் முகாமில் இருக்க, ஆறு மாதப் பயிற்சிக்காக அவர்களை நிரந்தரமாகப் பிரியும் அபாயத்தை எந்தப் பிள்ளை ஏற்கும்? முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இந்திய வம்சாவளியினரான அவர்களை 1948-இல் இலங்கை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்களைப் பார்த்து ‘உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்’ என்று சொல்வது வரலாற்றுக்கே இழைக்கும் அநீதி.

நேர்வழி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2014 ஜூனில் பார்த்தோம். புதுச்சேரிக் கரையிலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கி ஒரு படகில் 157 தமிழர்கள் புறப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். பலர் இங்குள்ள முகாம்களில் வாழ்ந்தவர்கள். ஆஸ்திரேலியா அவர்களை நடுக்கடலில் பிடித்து, ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்தது. சேமித்ததையும் கடன் வாங்கியதையும் முகவர் கையில் கொட்டிவிட்டு உயிரைப் பணயம் வைப்பவர்களில் எத்தனையோ பேர், முறையான ஓர் ஆவணம் கையில் இருந்தால் விமான நிலைய வரிசையில் நின்றிருப்பார்கள்.

சிலர் போன இடத்திலேயே தங்கிவிடக்கூடும். தங்கட்டும். இந்தியக் குடிமக்கள் லட்சக்கணக்கில் அப்படித் தங்கியிருக்கிறார்கள், அவர்களை நாம் கொண்டாடுகிறோம்.

தமிழக அரசு இனி பொத்தாம்பொதுவான கடிதங்களோடு நிற்கக் கூடாது. முகாம்களில் பட்டம், பட்டயம், செவிலியர் படிப்பு முடித்தவர்களின் பட்டியலைத் தனித்துணை ஆட்சியர்கள் வழியே தயாரித்து, வெளிநாட்டுப் பயிற்சிக்கு அழைப்பு வந்தவர்களின் விண்ணப்பங்களை மாநில அரசின் பரிந்துரையோடு வெளியுறவுத் துறையிடம் சேர்க்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் 20-ஆவது பிரிவைக் குறிப்பிட்டே நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். மத்திய அரசு அடையாளச் சான்றிதழை, திரும்பி வரும் அனுமதியை அதிலேயே பதித்து, காலவரம்புக்குள் வழங்க வேண்டும். திரும்பி வரும் அனுமதி இல்லாமல் தரப்படும் எந்த ஆவணத்தையும் தமிழகம் ஏற்கக் கூடாது.