மடைச் சாவி யார் கையில்?



ரஃபேல் சிறந்ததா, சுகோய் சிறந்ததா, தேஜஸ் தேறுமா? தேநீர்க் கடை முதல் நாடாளுமன்றம் வரை இதே விவாதம் தான். எதற்கு வேகம் அதிகம், எது எத்தனை ஏவுகணைகளைச் சுமக்கும் என்று பட்டியல் போடுகிறார்கள். ஆனால் கேட்டாக வேண்டிய கேள்வியை விட்டு விடுகிறார்கள். விமானத்தின் உயிர்நாடியான என்ஜின் யாருடையது?

நெல்லைச் சீமை மக்களுக்கு இதைப் புரிய வைக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. பாபநாசம் அணையைத் திறக்க நாம் அடுத்த மாநிலத்தின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. தஞ்சை விவசாயியின் நிலை அதுவா? வயல் அவனுடையது, மடைச் சாவியோ கர்நாடகத்தில்!

நமது விமானப்படையும் தஞ்சை விவசாயியின் நிலையில் தான் நிற்கிறது.

1961-ல் மாருத் என்ற போர் விமானத்தை நாமே தயாரித்துப் பறக்க விட்டோம். உடல் வலுவானது; அதற்கேற்ற என்ஜின் கிடைக்கவில்லை. எதிர்பார்த்த வேகத்தை அது எட்டவே இல்லை. பாடம் படித்தோமா? 1983-ல் தேஜஸ் திட்டம் துவங்கியது. அதற்கான என்ஜின் திட்டத்திற்கு 1989-ல் தான் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: காவேரி! 2008-ல் அதைத் தேஜஸிலிருந்து கழற்றி விட்டார்கள். இன்று தேஜஸ் பறப்பது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் என்ஜினில்.

விளைவு என்ன? 2021-ல் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஆண்டு 99 என்ஜின்களுக்கும் ஆர்டர் கொடுத்தார்கள். முதல் என்ஜின் வந்ததோ 2025 மார்ச்சில்! அதுவரை 1963-ல் வந்த மிக்-21 ரகத்தை ஓட்டிக் கொண்டிருந்தோம். அந்த ரகத்தின் விபத்துகளில் மாண்ட விமானிகள் நூற்றுக்கும் மேல். 2025 செப்டம்பர் 26-ல் தான் அதற்கு விடை கொடுத்தார்கள். 42 படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் 29 தான் மிஞ்சின.

வெளிநாட்டில் வாங்கினால் தீருமா? 2007-ல் 126 விமானங்களுக்கு டெண்டர் விட்டார்கள். 2012-ல் ரஃபேலைத் தேர்ந்தெடுத்தார்கள். 2015-ல் கைவிட்டார்கள். 2016-ல் சுமார் 59 ஆயிரம் கோடி ரூபாய்க்கு 36 ரஃபேல் வாங்கினார்கள். 2018-ல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து துவக்கம்! எதை வாங்கினாலும் சாவி விற்றவனிடம் தான். 1998-ல் பொக்ரான் சோதனைக்குப் பின் தேஜஸுக்கான உதவியை அமெரிக்கா நிறுத்தியதை மறந்து விடலாமா?

'நம்மால் முடியாது' என்பவர்கள் மகேந்திரகிரிக்கு வரட்டும்! 1993-ல் அமெரிக்காவின் மிரட்டலுக்குப் பணிந்து ரஷ்யா கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தைத் தர மறுத்தது. நாமே செய்தோம். 2010-ல் தோற்றோம். 2014 ஜனவரி 5-ல் வென்றோம். அந்த என்ஜினைச் சோதித்த களம் நமது நெல்லை மாவட்டத்தில் தான் இருக்கிறது.

ராக்கெட் என்ஜின் சில நிமிடங்கள் எரிந்தால் போதும். போர் விமான என்ஜின் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்க வேண்டும் என்பார்கள். உண்மை தான்! அதனால் தான் அதிகப் பணமும் பொறுமையும் வேண்டும் என்கிறோம். காவேரியை வானில் பறக்க வைத்துச் சோதிக்க 2010-ல் ரஷ்யாவுக்குத் தூக்கிச் சென்றார்களே! விமானம் வாங்கக் கொட்டிய கோடிகளில் ஒரு பங்கை ஒதுக்கி அந்த வசதியை இங்கேயே அமைத்திருக்கக் கூடாதா?

அவசரத் தேவைக்கு வாங்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்ஜின் ரகசியத்தைத் தராதவனிடம் பெரிய ஒப்பந்தம் கூடாது. அடுத்த தலைமுறை விமானத்திற்குப் பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து என்ஜின் தயாரிக்கப் போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் திருகாணி பூட்டும் வேலையை மட்டும் நம்மிடம் தந்து விட்டு, 'தொழில்நுட்பம் தந்தோம்' என்றால், அது திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுப்பதாகும்!

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் 'எத்தனை விமானம் வாங்கினீர்கள்?' என்று கேட்காதீர்கள். 'மடைச் சாவி யார் கையில்?' என்று கேளுங்கள். வரி கட்டுபவர்கள் நாம். விமானத்தில் ஏறுபவர்கள் நம் பிள்ளைகள்.

சிந்திப்பீர்!