கடமும் கம்ப்யூட்டரும்

“கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கிறோம், பத்து நிமிஷம் பொறுத்துக் கொள்ளுங்கள்” என்று ஆபீஸில் யாராவது சொன்னால், நேயர்களே, அந்தப் பத்து நிமிஷத்தை நம்பி வேறு எந்தக் காரியத்தையும் ஒப்புக்கொண்டு விடாதீர்கள். கல்யாண வீட்டில் “இதோ இலை போட்டாச்சு” என்கிறார்களே, அந்த ரகத்தைச் சேர்ந்த பத்து நிமிஷம் அது. திரையில் ஒரு வட்டம் சுற்றும். நூற்றுக்கு முப்பது என்று காட்டும். சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் முப்பத்தொன்று ஆகியிருக்கும்! எல்லாம் முடிந்த பிறகு, நேற்று வைத்த இடத்தில் ஒரு சாமானும் இருக்காது. மாமியார் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் மருமகள் சமையலறை அடுக்கை மாற்றி வைத்தால் வீடு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குமாரலிங்கபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

குமாரலிங்கபுரம் என்ற பெயரைச் சமீப வருஷங்களில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் 1,052 ஏக்கரில் ‘மித்ரா’ ஜவுளிப் பூங்கா அமையும் இடமாக 2023 மார்ச் மாதத்தில் அறிவிக்கப்பட்ட ஊர். கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று நீண்டு போகிறது அந்த வானம் பார்த்த சீமை. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலம். வெள்ளாமை பொய்த்தாலும் மாசச் சம்பளம் பொய்க்காது என்று பெண்களும் பஸ் ஏறி வேலைக்குப் போகிற ஊர்கள் அவை.

நம் சகோதரியும் அப்படித்தான் அருப்புக்கோட்டைக்குப் போய், ஓர் ஆபீஸில் தமிழ் டைப் செய்கிறார். வயது 49. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்துத் தமிழில் ஹையர் தேறியவர். முப்பது வருஷமாக அந்தக் கைதான் அவர் வீட்டு அடுப்பை எரிய வைத்திருக்கிறது. மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

போன வருஷக் கடைசியில் ஆபீஸில் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். புதிய யந்திரத்தில் பழைய தமிழ் எழுத்தும் இல்லை, பழைய விசை வரிசையும் இல்லை. “முன்பெல்லாம் விரல் தானாக நடக்கும். இப்போது ஒவ்வோர் எழுத்துக்கும் விரலைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது” என்று எழுதுகிறார். மேலே இருக்கும் இளைஞர் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. “இன்னும் ஒரு மாசத்துல பழகிக்குங்க அக்கா. இல்லேன்னா சின்ன வயசு ஆளா பார்க்கச் சொல்றாங்க” என்று மட்டும் சொன்னாராம். “என் வயதுதான் குற்றமா?” என்பது சகோதரியின் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி வேடிக்கையானது. பொங்கலுக்குப் பானை வாங்க அவர் மானாமதுரைக்குப் போயிருக்கிறார். அங்கே வாய் குறுகிய ஒரு பானை கண்ணில் பட்டது. தட்டிப் பார்த்தார். மண் பானை வெண்கலம் மாதிரி கணீரென்று பேசியது! விலை கேட்டால், “அது பொங்கல் வைக்கிறதுக்கு இல்ல தாயி, கச்சேரிக்குப் போற பானை” என்றாளாம் விற்கிறவள். “கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே நின்றேன். ஒரு மாசமாகக் கனத்துக் கிடந்த விரல்கள் லேசாயின. அந்தப் பானையைப் பற்றி எழுதுங்களேன்” என்கிறார்.

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் இருக்கிறது. பானையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

விருதுநகரில் ரயில் ஏறினால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி தாண்டி மானாமதுரை. அந்த வைகைக் கரை ஊரில் செய்யும் கடத்துக்குக் கர்நாடக சங்கீத மேடையில் தனி மதிப்பு. 2023-ல் மானாமதுரைக் கடம் புவிசார் குறியீடும் பெற்றது. சுற்று வட்டாரக் கண்மாய் மண்ணைக் குழைத்து, சாதாரணப் பானையைவிடத் தடிப்பாகச் சக்கரத்தில் வனைகிறார்கள். அதோடு வேலை முடிவதில்லை, ஆரம்பிக்கிறது! பாதி உலர்ந்த பானைக்குள் ஒரு கையால் உருண்டைக் கல்லைத் தாங்கிப் பிடித்து, வெளியே மரத் தட்டுப் பலகையால் தட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான தட்டு. எந்த இடத்திலும் கனம் கூடாமல், குறையாமல், கல்யாணத்து மேளம் மாதிரி ஒரே சீராகத் தட்ட வேண்டும். இந்தத் தட்டும் வேலையில் பெண்களின் பங்கு பெரிது. கடம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மீனாட்சி கேசவன் என்ற அம்மாள், இசைக் கருவி செய்ததற்காகவே சங்கீத நாடக அகாடமியின் விருதை வாங்கியிருக்கிறார்.

சூளையில் வெந்து வெளியே வந்ததும் கடத்தின் ஸ்ருதி நிலைத்துவிடுகிறது. வீணைக்கு முறுக்காணி உண்டு; மிருதங்கத்துக்கு வார் உண்டு. கடத்தில் களிமண்ணை அப்பிக் கொஞ்சம் மாற்றலாமே தவிர, அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. பாடகர் வேறு ஸ்ருதியில் பாடினால் வித்வான் வேறு கடத்தைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு எந்தக் கம்பெனியும் ராத்திரியோடு ராத்திரியாகப் புதுப்பிப்பு அனுப்புவதில்லை!

அப்படியென்றால் கடத்தில் புதுமையே வரவில்லையா? வந்தது. கொண்டு வந்தவர் ஒரு பெண்மணி.

சுகன்யா ராம்கோபால் 1957-ல் மாயவரத்தில் பிறந்தவர். சென்னை திருவல்லிக்கேணியில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்ய வித்யாலயத்துக்கு வயலின் கற்கப் போன சிறுமியின் காது மிருதங்க வகுப்பின் பக்கமே போயிற்று. ஹரிஹர சர்மாவிடம் மிருதங்கம் படித்தார். பிறகு கடத்தின்மேல் ஆசை வந்தது. அவருடைய குமாரர்தான் உலகமெங்கும் கடத்தைக் கொண்டுபோன விக்கு விநாயகராம். பெண் குழந்தையின் விரலுக்குக் கடம் தாங்குமா என்று முதலில் தயங்கியிருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர் பெரியவர் ஹரிஹர சர்மாதான். மேடைக்கு வந்த பிறகும், பெண் கடம் வாசித்தால் கூட உட்கார மாட்டோம் என்ற மிருதங்க வித்வான்கள் இருந்தார்கள்.

அந்த அம்மாள் என்ன செய்தார்? வெவ்வேறு ஸ்ருதியுள்ள ஆறேழு கடங்களைத் தம்மைச் சுற்றி வைத்துக்கொண்டார். ஜலதரங்கத்தில் கிண்ணங்கள் ராகம் பேசுவது போல, இங்கே பானைகள் ராகம் பேசின. அதுதான் ‘கட தரங்கம்’. தாளம் மட்டும் தெரிந்த பானைக்குப் பாட்டும் வந்துவிட்டது! 1995-ல் பெண்களே வாசிக்கும் ‘ஸ்த்ரீ தாள் தரங்’ குழுவை ஆரம்பித்தார். 2014-ம் வருஷத்துச் சங்கீத நாடக அகாடமி விருது அவரைத் தேடி வந்தது.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆபீஸ்காரர்கள் வேண்டுமென்றே யந்திரத்தை மாற்றவில்லை. 2015-ல் வந்த விண்டோஸ் 10 என்ற அமைப்புக்கு வழக்கமாகக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை, 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் திருடர்கள் புதுச் சாவி செய்யும்போது பூட்டை மாற்றித் தர ஆள் இல்லை. அடுத்த விண்டோஸ் 11-ஐ ஏற்றலாமென்றால், அதற்கு டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய யந்திரமும் வேண்டும். அதனால் நன்றாக உழைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள்கூட ஓய்வு பெற்றன.

தமிழுக்கு மட்டும் ஏன் கூடுதல் கஷ்டம்? பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் பத்து வருஷக் கடிதமும் அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் சொந்த எண் உண்டு. தமிழ்நாடு அரசாங்கமும் 2010-ல் யூனிகோடுக்கு மாற உத்தரவு போட்டது. மாறுவது நல்லதுதான்.

ஆனால் விரல்? அதன் கதை வேறு. தமிழ் டைப்ரைட்டரைப் படைத்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்த இரா. முத்தையா. நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துக்களைச் சில டஜன் விசைகளில் அடக்க, அவர் ‘நகரா விசை’ என்ற யுக்தியைக் கண்டார். புள்ளியை அடித்தால் காகிதம் நகராது. அதன் பிறகு எழுத்தை அடித்தால் புள்ளி அதன் தலையில் உட்காரும். ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். கண் பார்க்கிற வரிசை அது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த ‘தமிழ்99’ விசைப் பலகையில், உயிர் எழுத்துக்கள் இடது கைக்கு, மெய் எழுத்துக்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ‘க’ அடித்து ‘ஒ’ அடித்தால் ‘கொ’. ‘பக்கம்’ என்பதில் ‘க’வை இரண்டு தரம் அடித்தால் முதல் ‘க’வின் தலையில் புள்ளி தானே விழுந்துவிடும். இது வாய் சொல்லுகிற வரிசை.

சகோதரியே, இப்போது உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? உங்கள் விரலுக்கு வயதாகிவிடவில்லை. முப்பது வருஷம் ஒரு தாளத்தில் வாசித்த கையை ஒரே நாளில் வேறு தாளத்துக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகப் பழகிய கைதான் அதிகமாகத் தடுமாறும். ஒன்றும் தெரியாத சின்ன வயது ஆளுக்கு மறக்க வேண்டியதும் ஒன்றும் இல்லையே!

கடம் கற்கிறவர்கள் எப்படிக் கற்கிறார்கள் தெரியுமா? கை பானையைத் தொடுமுன் வாய் சொல்லைச் சொல்லும். ‘த தி தொம் நம்’ என்று வாயில் ஏறிய பிறகே விரலில் இறங்கும். அதுவும் முதல் காலத்தில், ஆமை வேகத்தில். பிறகு இரட்டிப்பு. பிறகு அதற்கும் இரட்டிப்பு. தமிழ்99 வாய் சொல்லும் வரிசையாயிற்றே! அதையும் இப்படியே பழகலாம். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, எழுத்தை மெல்ல வாயால் சொல்லி அடியுங்கள். முதல் வாரங்களில் வேகத்தைக் கணக்கிடவே வேண்டாம். பிழையில்லாமல் வந்தால் போதும். வேகம் பின்னால் வரும்.

அதற்கு அவகாசம் இல்லை என்கிறார்களா? பழைய டைப்ரைட்டர் விசை வரிசையிலேயே யூனிகோடில் அடிக்க உதவும் மென்பொருள்கள் உண்டு. சில இலவசமாகவே கிடைக்கின்றன. அதைப் புதிய யந்திரத்தில் ஏற்றித் தரும்படி கூச்சப்படாமல் கேளுங்கள். அப்போது யந்திரம் புதிது, கை பழையது. ஆபீஸ் வேலையும் நடக்கும். பழைய கம்ப்யூட்டரை வண்டியில் ஏற்றுவதற்குள் கோப்புகளுக்குப் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்களும் இருக்கின்றன.

ஆபீஸ்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு அந்தக் கரிசல் சீமையில் ஜவுளிப் பூங்கா எழும்பினால், அங்கேயும் கம்ப்யூட்டர்கள் வரும். சில வருஷத்தில் மாறவும் மாறும். யந்திரத்துக்குப் பணம் ஒதுக்குகிறபோது, அதன் முன்னால் உட்காரும் கைக்கும் கொஞ்சம் நாள் ஒதுக்கக் கூடாதா? ஒரு மாசக் கெடு வைத்திருந்தால் கட தரங்கம் பிறந்திருக்குமா? ஒரு காலத்தில் “பெண் பிள்ளை விரலுக்கு வராது” என்றார்கள். இன்று “ஐம்பது வயது விரலுக்கு வராது” என்கிறார்கள். முதல் பேச்சு பொய்யாகிப் போனதை மேடையில் காதாரக் கேட்டாயிற்று.

இரண்டாவது பேச்சைப் பொய்யாக்க, சகோதரியே, ஒன்று செய்யுங்கள். அடுத்த தரம் மானாமதுரைக்குப் போகும்போது அந்தக் கச்சேரிப் பானையை விலை பேசி வாங்கி வந்துவிடுங்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் பத்து நிமிஷம் தட்டுங்கள். இது நிஜமான பத்து நிமிஷம்; கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லுகிற பத்து நிமிஷம் இல்லை!