ஓட்டை அடைபட எத்தனை நாள்?

விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கத்துச் சம்சாரி ஒருவர் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய வேண்டுமென்றால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாக வேண்டும். இ-சேவை மையமோ, பிரவுசிங் சென்டரோ, மகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா லேப்டாப்போ, எதுவானாலும் அந்தக் காகிதங்கள் ஒரு பிரவுசர் வழியாகத்தான் போகின்றன. அந்தப் பிரவுசருக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. இனியும் கேட்காமல் இருந்தால் நிலப் பத்திரமும் வங்கிக் கணக்கும் சேர்ந்து போகும்.

2023 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். வெப்பி வகைப் படங்களைத் திரையில் விரித்துக் காட்டும் 'லிப்வெப்பி' என்ற சிறு நிரலில் ஒரு பிழை. கெட்ட எண்ணத்தோடு செய்த ஒரு படம் திரையில் வந்தாலே போதும். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் எழுதக் கூடாத இடத்தில் எழுதி, உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும். எதையும் டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் இதைக் கண்டு சொன்னபோதே தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 11-ல் குரோமுக்கும் மறுநாள் ஃபயர்பாக்ஸுக்கும் திருத்தம் வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஃபயர்பாக்ஸில் இன்னொரு பிழை. ஈசெட் நிறுவனம் தெரிவித்த 25 மணி நேரத்தில், ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா அதை அடைத்தது.

அங்கே 25 மணி நேரம். இங்கே வந்து சேர எத்தனை நாள்?

'லினக்ஸ் போட்டாச்சு, இனிமே வைரஸ் வராது' என்ற பேச்சு நம் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் சகஜம். பிரவுசர் விஷயத்தில் இது நம்பக் கூடாத பேச்சு. லினக்ஸில் ஓடும் ஃபயர்பாக்ஸும் வின்டோஸில் ஓடும் ஃபயர்பாக்ஸும் பெரும்பாலும் ஒரே நிரல்தான், பிழையும் அதேதான். ஒரு வேறுபாடு உண்டு. வின்டோஸில் பிரவுசர் தன் அப்டேட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். லினக்ஸ் வழங்கல்களில் பெரும்பாலும் அந்த வழங்கலை நடத்துகிறவர்கள் மூலநிரலை எடுத்து, தங்கள் அமைப்புக்கு ஏற்பத் தொகுத்து, சோதித்து, கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் வின்டோஸோடு சேர்த்துத் தரப்பட்ட பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை அடித்தளமாகக் கொண்டது. ஆக, மொசில்லா வெளியிடும் திருத்தம், டெபியனைத் தாண்டி, சி-டாக்கைத் தாண்டி, அதன்பிறகே நம் ஊருக்கு வரும்.

இந்த இடைவெளியில்தான் ஆபத்து. திறமூல மென்பொருளில் திருத்தம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வெளியாகிறது. எந்த வரியை மாற்றினார்கள் என்று படித்தால் எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடனுக்கும் விளங்கிவிடும். குரோமிலேயே நிரலைத் திருத்துவதற்கும் அது பயனாளர் கைக்கு வருவதற்கும் இடையே முன்பு சராசரியாக 35 நாள் ஆனது. அதை 15 நாளாகக் குறைத்தார்கள். அதுவும் போதாதென்று 2023 ஆகஸ்டிலிருந்து வாரந்தோறும் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததைக் கண்ட கரிசல்காட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புழு குருத்துக்குள் இறங்கிய பிறகு மருந்தின் பெயர் தெரிந்து என்ன பயன்?

அதற்காகச் சோதிக்காமல் அள்ளி வீசவும் கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான ஓர் அப்டேட், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்களை முடக்கியது. விமானங்கள் நின்றன. பாதுகாப்புக்காக வந்த அப்டேட்தான் அது. லினக்ஸ் வழங்கல்களில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. மற்ற மென்பொருள்களுக்கு டெபியன் பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டையை மட்டும் தைத்துத் தரும். பிரவுசரில் அது நடக்காது. நிரல் அவ்வளவு பெரிது, மாற்றம் அவ்வளவு வேகம். புதிய பதிப்பையே கொண்டுவர வேண்டும். புதிய ஃபயர்பாக்ஸைத் தொகுக்கச் சிலவேளை ரஸ்ட் என்ற நிரல்மொழியின் புதிய கம்பைலர் வேண்டும். முதலில் அதைக் கொண்டுவர வேண்டும். பிறகுதான் சோதனை.

அந்தச் சோதனையை நமக்காக கலிஃபோர்னியாவில் இருப்பவர் செய்ய மாட்டார். தமிழ்99 விசைப்பலகையில் தட்டினால் 'கொ'வும் 'கௌ'வும் படிவத்தில் உடையாமல் விழுகிறதா? சிட்டாவை அச்செடுத்தால் பெயர் சரியாக வருகிறதா? விரல்ரேகைக் கருவி வேலை செய்கிறதா? டெண்டருக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைப் பிரவுசர் அடையாளம் காண்கிறதா? இவற்றில் ஒன்று முறிந்தாலும் மையம் நடத்துகிறவர் அடுத்த முறை அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிடுவார். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே, அப்டேட் அவர் கைக்கு வருவதற்கு முன்பே யாராவது இந்தச் சோதனையைச் செய்துபார்த்திருக்க வேண்டும். நம் கவலை முழுவதும் அந்த 'யாராவது' யார் என்பதில்தான்.

2011-ல் தொடங்கிய லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டன. பெருமைப்பட வேண்டிய திட்டம். கரிசல் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அவற்றில் இன்னும் ஓடுகிறவை பல, தம்பி தங்கைக்கும் கடைக்கும் கைமாறி. ஆனால் வின்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுபோனது. வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 32-பிட் லினக்ஸுக்குக் குரோம் 2016-லேயே நின்றது. ஃபயர்பாக்ஸ் 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது. 2025 மார்ச் 14 அன்று மொசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், பழைய ஃபயர்பாக்ஸ் வைத்திருந்தவர்களின் துணைநிரல்கள் செயலிழக்கும் நிலை வந்தது. ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. இதுபோல் ஏதாவது நின்றால்தான் பிரவுசரின் வயது நமக்கு நினைவுக்கு வருகிறது.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். அதோடு ஒரு கேள்விக்கும் பதில் வேண்டும்: அந்தக் கருவிகளின் லினக்ஸ் பக்கத்தில் பிரவுசருக்குப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும், மூலத்தில் வெளியான எத்தனை மணி நேரத்தில் வரும், தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் சி-டாக்கும் சேர்ந்து இதை எழுத்தில் தர வேண்டும். தாக்குதலில் இருக்கும் ஓட்டைக்கு 48 மணி நேரம் என்று கெடு வைக்கலாம். முதல் நாள் சில நூறு கம்ப்யூட்டர்களுக்கு, மறுநாள் எல்லாருக்கும். சி.உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் சூசி லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. பக்கத்துக் கேரளத்தில் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்று உபுண்டு அடிப்படையிலான லினக்ஸைத் தானே தயாரித்து வழங்குகிறது. இங்கே ஆளில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மத்திய அரசின் இந்தியப் பிரவுசர் போட்டியில் 2025-ல் முதல் பரிசு ஒரு கோடி ரூபாயை வென்ற 'உலா', தமிழ்நாட்டில் தலைமையகம் கொண்ட ஜோஹோவின் படைப்பு. குரோமின் திறமூல அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டிய அதுவும் குரோமியத்தில் வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் துரத்திப் பிடித்தாக வேண்டும். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கணினி படிக்கும் மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சோதனைக் குழு அமைத்தால், தமிழ்ப் படிவத்தில் எது உடைகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளையும் அன்றே தமிழில் இ-சேவை மையங்களுக்கு அனுப்பலாம்.

அதுவரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். பிரவுசரின் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். லினக்ஸ் என்றால் சாஃப்ட்வேர் அப்டேட்டை ஓட்டிவிட்டு, பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள். மூடாதவரை பழைய நிரல்தான் ஓடிக்கொண்டிருக்கும். 32-பிட் லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் 64-பிட் ப்ராசஸர் இருக்கலாம். இருந்தால் 64-பிட் லினக்ஸாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்டேட் இனி வராத கம்ப்யூட்டரில் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திறக்காதீர்கள்.