பலகை யார் கையில்?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் செல்லும் நம் பெற்றோர் பலரும் இப்போது முதலில் வினவுவது, "ஸ்மார்ட் போர்டு உண்டா?" என்பதே. உண்டென்றால் கட்டணம் கூடும், கூடினும் கொடுக்கின்றனர். நம் மக்தபுகளிலும் இவ்வாசை புகுந்துவிட்டது. இதற்கு 'மாணவர் மையக் கல்வி' என்றொரு பெயரும் சூட்டப்படுகின்றது. அப்பெயரை நாம் மறுக்கின்றோம்.

அத்திரையைத் தொடுபவர் யார்? ஆசிரியர். பிள்ளைகளோ அதன்முன் வாய்மூடி அமர்ந்திருக்கின்றனர். எழுத்துகளின் மக்ரஜை விளக்கும் படம் அழகாகத்தான் ஓடுகின்றது. ஆனால் 'ஐன்' எழுத்தை 'ஹம்ஸா'வாக ஒலிக்கும் சிறுவனை ஒருவர் செவிதாழ்த்திக் கேட்டாலன்றோ திருத்த முடியும்? அத்திரை பேசுமேயன்றிக் கேளாது. கேட்டுத் திருத்தும் கைப்பேசிச் செயலிகளும் வந்துள்ளன என்பர். வரட்டும், அவை பிள்ளையின் கைக்கே வருமாயின் நாம் தடுக்கமாட்டோம்.

"பழைய ஓதற்பள்ளியில் மட்டும் என்ன வாழ்ந்தது?" என்று எள்ளுவோர் உளர். வாழ்ந்தது ஒன்று உண்டு. அங்கே வகுப்புக்கொரு பாடமன்று, பிள்ளைக்கொரு சபக். ஒருவன் அலிஃபில் நிற்பான். அருகிருப்பவன் அம்ம ஜுஸ்உவை முடித்திருப்பான். தன் சபக்கை உஸ்தாதின் முன் ஓதிக்காட்டிய பின்னரே அடுத்தது. பலகை அவன் மடியில். எழுதுவதும் அழிப்பதும் அவன் கை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பரவிய செயல்வழிக் கற்றலும் இதைத்தான் செய்தது. சுவரின் அடியில், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. அதில் அவனவனுக்கு ஒரு பங்கு. மின்சாரமும் வேண்டியதில்லை!

ஆயினும் பழையது யாவும் நன்றென்று நாம் வாதிடவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் முஸ்லிமுக்கு உவமையான மரம் எதுவெனத் தோழர்களிடம் வினவியபோது, விடை பேரீச்சை என்றறிந்திருந்தும் இளைஞர் இப்னு உமர் (ரலி) மூத்தோர்முன் நாணி வாய்திறவாதிருந்தார். பின்னர் அதையறிந்த தந்தை உமர் (ரலி), நீ சொல்லியிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன் என்றார்கள். பிள்ளை பேசவேண்டுமென ஏங்கிய அத்தந்தை எங்கே, "குறுக்கே கேட்காதே" என்று பிரம்பெடுக்கும் நம் உஸ்தாதுமார் சிலர் எங்கே!

1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் இந்நோயை அன்றே கண்டு சொன்னார். மக்ரிபு மாணவர்க்கு மதரஸாவில் 16 ஆண்டுகள். தூனிஸில் 5 ஆண்டுகள் மட்டுமே. மக்ரிபில் அத்தனை காலம் கழிந்தும் புலமை அரிதானதற்கு, வாய்திறந்து உரையாடாமல் மனனத்திலேயே மாணவர் மூழ்கியதைக் காரணமாகக் காட்டினார். கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை பொய்யும் சூதும் பழகும் என்றும் எச்சரித்தார்.

திரை வாங்க நிதி திரட்டும் மக்தப் நிர்வாகிகளுக்கு நாம் சொல்வது இதுவே: வாங்குங்கள். ஆனால் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். பிரம்பை அப்புறப்படுத்திய பின்னர் மாட்டுங்கள்.